இரும்புக்கை மாயாவியா, ஸ்பைடரா: நான் யார் கட்சி, ஏன்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் இங்கே சுருக்கி எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர் இருவரும் பழைய காமிக்ஸ் நாயகர்கள். உங்கள் அப்பா மாயாவி கட்சி, சித்தப்பா ஸ்பைடர் கட்சி. பொங்கலுக்குப் பெரம்பூர் வீட்டில் எல்லோரும் கூடியபோது அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் வாக்குவாதம் முற்றி, சாப்பாட்டு நேரம் வரைக்கும் ஓடியிருக்கிறது. நீங்கள் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போய் இரண்டு பேருடைய கதைகளையும் வாங்கி வந்துவிட்டீர்கள். இருபது வயதில் இப்போதுதான் முதல் தடவையாகப் படிக்கப் போகிறீர்கள். ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் யாரைத் தேர்ந்தெடுப்பது, ஏன் என்று கேட்கிறீர்கள்.

என் பதில் மாயாவி. ஆனால் இந்தப் பதிலுக்கு நான் வந்து சேர நாளானது. நடுவில் இரண்டு வருஷம் தீவிர ஸ்பைடர் கட்சியாக இருந்திருக்கிறேன், அதனால் உங்கள் சித்தப்பா பக்கத்து நியாயமும் எனக்கு நன்றாகத் தெரியும். ராயப்பேட்டையில் 35 வருஷமாக அச்சுத் தொழிலில் இருக்கிறேன். இந்தப் புத்தகங்களை வாசகனாகவும் பார்த்திருக்கிறேன், தாளும் மையும் தெரிந்தவனாகவும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன்.

உங்கள் வீட்டுச் சண்டையில் பாதி, பிறந்த வருஷத்தால் வந்த சண்டை. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972ல் வரத் தொடங்கியது. முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். அந்தப் பத்து வருஷத்தில் பள்ளிக்கூடம் போன பையன்களுக்கு முதல் காதல் மாயாவி. லயன் காமிக்ஸ் 1984ல் வந்தது, 'எத்தனுக்கு எத்தன்' என்று ஸ்பைடரும் வந்தார். அப்போது பத்துப் பன்னிரண்டு வயதில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் ஸ்பைடர் என்பார்கள். அண்ணன் எழுபதுகள், தம்பி எண்பதுகள். நான் 1971ல் பிறந்தவன். பழைய முத்து காமிக்ஸை அப்பாவோடு மூர் மார்க்கெட்டில் தேடி வாங்கினேன், லயன் காமிக்ஸை ஜாம்பஜார் பக்கத்துப் பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப்போடு தொங்கும்போதே பார்த்துப் புதுசாக வாங்கினேன். இரண்டும் ஒரே சமயத்தில் என் கையில் இருந்தன.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நாம் இங்கே அடித்துக்கொள்கிற இரண்டு பேரும் இங்கிலாந்தில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஃப்ளீட்வே என்ற நிறுவனத்தின் வாரப் பத்திரிகைகளில் வந்தவர்கள். மாயாவி 1962 அக்டோபரில் வேலியன்ட் பத்திரிகையின் முதல் இதழிலேயே வந்தார். ஸ்பைடர் 1965 ஜூனில் லயன் என்ற இங்கிலாந்துப் பத்திரிகையில் வந்தார். இந்த ஸ்பைடரை அமெரிக்காவின் சிவப்பு நீல ஸ்பைடர்மேனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர் வேறு. நம்மவர் கறுப்பு உடை, கூரான காது, நெற்றிக்கு நடுவில் ஊசி மாதிரி இறங்கும் முடி. ரசிகர்கள் பாசமாகக் 'கூர்மண்டையர்' என்பார்கள். வாரப் பத்திரிகைத் தொடர் என்பதால் அந்தந்த வாரப் பகுதி ஒரு ஆபத்தில் முடியும். தமிழில் ஒரே புத்தகமாகச் சேர்த்துப் போடும்போது, சில பக்கங்களுக்கு ஒரு தடவை யாராவது எங்கிருந்தாவது விழுந்துகொண்டோ, எதிலாவது மூழ்கிக்கொண்டோ இருப்பார்கள். முதல் தடவை படிக்கிறவர்களுக்கு இது மூச்சு முட்டும். ஒரு கதையை ஒரே மூச்சில் முடிக்காமல் மூன்று நாளாகப் பிரித்துப் படித்தால் அதன் உண்மையான ருசி தெரியும்.

முதலில் ஸ்பைடரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஸ்பைடர் யார், எங்கே பிறந்தார், சொந்தப் பெயர் என்ன, எதற்கும் பதில் கிடையாது. வரும்போதே குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆகிவிட வேண்டும் என்ற ஆசையோடு வருகிறார். பெட்டகம் உடைப்பதில் கைதேர்ந்த ஆர்டினி, விஞ்ஞானி பெல்ஹாம் என்று இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்கிறார். ஸ்காட்லாந்திலிருந்த ஒரு பழைய கோட்டையைக் கல் கல்லாகப் பிரித்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து கட்டி, அதில்தான் குடியிருக்கிறார். ஹெலிகார் என்ற பறக்கும் வண்டி, வலை பீய்ச்சும் துப்பாக்கி, வாயுத் துப்பாக்கி. ஒரு மனிதன் தனக்கு வேண்டியதையெல்லாம் யாரிடமும் கை நீட்டாமல் தானே அமைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? பதின்மூன்று வயதில், ஐஸ் ஹவுஸ் பக்கத்தில் ஒற்றை அறைக் குடித்தனத்தில், நாலு குடும்பத்துக்கு ஒரு குழாய் என்று வாழ்ந்தவனுக்கு அந்தக் கோட்டை என்னவாகத் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஸ்பைடரின் பேச்சு. மற்ற நாயகர்கள் அடித்துவிட்டுப் போவார்கள். இவர் அடிப்பதற்கு முன்னாலும் பேசுவார், அடிக்கும்போதும் பேசுவார், அடித்த பிறகும் தன்னைப் போல இன்னொருவன் உண்டா என்று பேசுவார். அந்தத் தோரணையைத் தமிழில் கொண்டுவந்தபோது மேடை நாடக வசனம் மாதிரி ஒரு கம்பீரம் சேர்ந்துகொண்டது. நாங்கள் பையன்கள் தெருவில் அந்த வசனங்களைச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டு திரிவோம். மாயாவி இரும்புக் கை மட்டும் தெரிய உடம்பு முழுக்க மறைந்துபோகிறவர். அவர் மாதிரி விளையாட முடியாது, மறைந்துபோவதை எப்படி நடிப்பது? ஸ்பைடராக விளையாட வாய் ஒன்று இருந்தால் போதும்.

அந்த வாய்க்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஸ்பைடரைத் தொடங்கி வைத்தவர் டெட் கோவன், படம் வரைந்தவர் ரெஜ் பன். கொஞ்ச காலத்தில் எழுதும் வேலை ஜெர்ரி சீகல் கைக்குப் போனது. சூப்பர்மேனை ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து உருவாக்கிய அதே ஜெர்ரி சீகல்தான். 1938ல் இரண்டு இளைஞர்களும் சூப்பர்மேனின் முழு உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு அந்தப் பாத்திரம் சம்பாதித்த கோடிகளில் அவர்களுக்குப் பங்கு கிடையாது. வருஷக்கணக்கில் வழக்கு நடந்தது. 1975ல்தான் அவர்களுக்கு ஆண்டு உதவித்தொகை தரவும், சூப்பர்மேனில் அவர்கள் பெயரைப் போடவும் ஒப்புக்கொண்டார்கள். இடைப்பட்ட அந்தக் கஷ்ட காலத்தில், அறுபதுகளில், கடல் தாண்டி ஒரு வாரப் பத்திரிகைக்கு அவர் எழுதியதுதான் நம் ஸ்பைடர்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஸ்பைடர் எனக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தார். சூப்பர்மேன் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பெருமை பேச மாட்டார், எல்லோருக்கும் எல்லாவற்றையும் கொடுப்பார். ஸ்பைடர் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்க மாட்டார், தன் புகழில் ஒரு பொட்டுக்கூட அடுத்தவன் எடுத்துக்கொள்ளச் சம்மதிக்க மாட்டார். இரண்டையும் எழுதியது ஒரே கை. தன்னுடையதைப் பறிகொடுத்த ஒருவர், தன்னுடையதைப் பறிகொடுக்கவே தெரியாத ஒரு நாயகனை எழுதினார் என்றுதான் நான் படிக்கிறேன். இது என் சொந்த வாசிப்பு. ஆனால் சித்தப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவருக்குப் பிடிக்கும்.

யார் யாரை ஜெயிப்பார் என்ற கேள்வியையும் இங்கேயே முடித்துவிடலாம். நேருக்கு நேர் சண்டை என்றால் ஸ்பைடர்தான். மாயாவி மறைந்து வந்தாலும் அந்தரத்தில் கை தெரியும். வலைத் துப்பாக்கிக்கு அது போதும்.

ஜெயிக்கத் தெரிந்தவர் ஸ்பைடர் என்று ஒப்புக்கொண்ட பிறகும் ஏன் மாயாவி என்றால், நான் கரண்ட் கட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மாயாவியின் பெயர் லூயிஸ் கிராண்டேல். பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர், சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர். ஒரு விபத்தில் வலது கை போய்விடுகிறது, எஃகுக் கை பொருத்திக்கொள்கிறார். பிறகு மறுபடியும் ஆய்வுக்கூடத்தில் ஒரு விபத்து, உயர் அழுத்த மின்சாரம் உடம்பில் பாய்கிறது. உடம்பு முழுக்க மறைந்துபோகிறது, கை மட்டும் மறையவில்லை. அதற்குப் பிறகு மறைய வேண்டும் என்றால் ஒவ்வொரு தடவையும் மின்சாரத்தை உடம்பில் வாங்க வேண்டும். அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். நேரம் முடிந்தால் உருவம் திரும்பிவிடும், எதிரிகள் நடுவில் நின்றாலும்.

எங்கள் தெருவில் கரண்ட் போகாத நாள் குறைவு. ஒருநாள் ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கில் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது என் தம்பி கேட்டான், "அண்ணா, இப்ப மாதிரி கரண்ட் போயிடுச்சுன்னா மாயாவி என்ன பண்ணுவாரு?" எட்டு வயசுப் பையன் கேட்ட கேள்விதான். ஆனால் மாயாவி கதைகளின் உயிரே அந்தக் கேள்விதான். ஒரு அறையில் அடைத்துவிட்டார்கள், மின்சாரம் எங்கே இருக்கிறது? பல்ப் ஹோல்டரா, சுவரில் ஓடும் ஒயரா, மின்வேலியா? கதாசிரியர் வில்லனை யோசிப்பதற்கு முன்னால் ஒயரை யோசிக்க வேண்டியிருக்கிறது. ஸ்பைடருக்கு எந்தச் சிக்கல் வந்தாலும் அவரிடம் அதற்கென்று ஒரு கருவி இருக்கும், அது முந்தின பக்கம் வரை நமக்குத் தெரியாது. அவர் எடுத்துக் காட்டும்போது நாம் கைதட்டலாம், கூடவே யோசிக்க முடியாது. மாயாவியோடு நாமும் சேர்ந்து அறையைச் சுற்றிப் பார்க்கிறோம்.

அதே தம்பி அந்த வருஷம் ஒருநாள் மாயாவி மாதிரி மறைய ஸ்க்ரூ டிரைவரை பிளக் பாயின்ட்டுக்குள் விட்டான். எதிர்ச் சுவரில் போய் விழுந்தான். விரல் நுனி வெள்ளையாகக் கொப்பளித்திருந்தது, ராத்திரி முழுக்கப் பேசவில்லை. பிழைத்தது புண்ணியம். இந்த விபரீதத்தைப் பற்றி எத்தனையோ பேர் வேடிக்கையாகப் பேசிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது வேடிக்கையாக இருந்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகு மாயாவி கரண்ட்டில் கை வைக்கும் கட்டங்களை நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். ஓவியர் அந்த இடத்தில் முகத்தைக் காட்டுவார். பல் கிட்டித்து, உடம்பு வில்லாக வளைந்து, வலியில் துடிக்கிற முகம். மறைவது மந்திரம் இல்லை, ஒவ்வொரு தடவையும் அந்த மனுஷன் அதற்கு உடம்பால் விலை கொடுக்கிறார்.

அந்த ஓவியரைப் பற்றி ஒரு அச்சுக்காரனாக நான் பேசாமல் இருக்க முடியாது. ஹெசூஸ் பிளாஸ்கோ, பார்சிலோனாக்காரர், 1919ல் பிறந்தவர். பிரஷ்ஷில் போடும் கறுப்பைப் பாருங்கள். பெரிய பெரிய நிழல், நடுவில் வெளிச்சம் பட்ட ஒரு கன்னம், ஒரு கோட்டுக் காலர். ரெஜ் பன் நேர் எதிர். அவர் பேனாவில் சின்னச் சின்னக் கோடாக, குறுக்கும் நெடுக்குமாக இழைத்து இழைத்து நிழல் கொண்டுவருவார். மூலத்தில் பார்த்தால் ரெஜ் பன்னின் வேலை பிரமிப்பாக இருக்கும். ஆனால் அன்றைக்கு நம் கைக்கு வந்தது நியூஸ் பிரிண்ட், பாக்கெட் சைஸ். நெருங்கிய கோடுகளைச் சின்னதாக்கி மலிவுத் தாளில் அடித்தால் மை பரவி, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் இருக்கிற வெள்ளை அடைத்துப்போகும். ஸ்பைடரின் கோட்டை என் பழைய பிரதிகளில் பல இடத்தில் கரிப்பிடித்த சட்டி மாதிரித்தான் தெரியும். பிளாஸ்கோவின் கறுப்பு அடர்ந்த கறுப்பு, வெள்ளை அகலமான வெள்ளை. எவ்வளவு மோசமான தாளிலும் அந்தப் படம் நின்றது. நீங்கள் வாங்கியிருப்பது நல்ல தாளில் அச்சான மறுபதிப்பு என்பதால், எங்களுக்குத் தெரியாத ரெஜ் பன் உங்களுக்குத் தெரிவார். அது உங்கள் அதிர்ஷ்டம், கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்போது நான் கட்சி மாறின கதை.

என் அப்பா ஒரு அச்சகத்தில் ட்ரெடில் ஓட்டினார். ட்ரெடில் மெஷினை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பெரிய வாய் மாதிரித் திறந்து திறந்து மூடும். திறக்கிற அந்தக் கண நேரத்தில் வலது கையால் வெள்ளைத் தாளை வைத்து, இடது கையால் அச்சான தாளை எடுக்க வேண்டும். கை தாளம் தப்பக்கூடாது. கல்யாணப் பத்திரிகை சீசன், விடிய விடிய வேலை. 1983ல் ஒருநாள் அதிகாலையில் தாளம் தப்பிவிட்டது. வலது கையில் மூன்று விரல் போனது.

அப்பா வேலைக்குத் திரும்பிப் போனார், பைண்டிங் பக்கம் மாற்றிக்கொடுத்தார்கள். வலியைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் கல்யாண வீடுகளுக்குப் போவது குறைந்துபோனது. போனாலும் வலது கையில் துண்டைச் சுற்றிக்கொள்வார். பந்தியில் உட்கார மாட்டார். இலையில் மீதி விரல்களால் சோறு பிசையும்போது எதிர் வரிசையில் இருக்கிறவர்கள் பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தாங்கவில்லை. மொய்க் கவரை இடது கையால் கொடுக்கவும் முடியாது, வலது கையை நீட்டவும் மனசு வராது. என்னை அழைத்துப் போய் என் கையில் கொடுத்துக் கொடுக்கச் சொல்வார். அப்பா யார், எவ்வளவு நேர்த்தியாக அச்சடிப்பவர், எப்படிச் சிரிக்கப் பேசுவார், அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. அந்தக் கைதான் தெரியும்.

எனக்கு அப்போது இதெல்லாம் இப்படிக் கோர்வையாகப் புரியவில்லை. நான் ஸ்பைடரின் வசனங்களைச் சொல்லிக்கொண்டு தெருவில் திரிந்தேன். 1985 மே மாதக் கடைசியில் மூர் மார்க்கெட் எரிந்துபோனது. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் திருவல்லிக்கேணியில் பைகிராப்ட்ஸ் ரோடு நடைபாதைக் கடைகளுக்குக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். அங்கே ஒரு பழைய மாயாவி கிடைத்தது. அட்டை இல்லை, முதல் நாலு பக்கமும் இல்லை. வீட்டுக்கு வந்து நான் வேறு எதையோ படித்துக்கொண்டிருந்தேன், அப்பா வாசல்படியில் உட்கார்ந்து அதைப் புரட்டிக்கொண்டிருந்தார். காமிக்ஸ் படிக்கிற ஆள் கிடையாது அவர். அச்சு எப்படி என்று பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். ரொம்ப நேரம் திருப்பவில்லை. எட்டிப் பார்த்தேன். இருட்டு அறை, ஆள் யாரும் இல்லை, நடுவில் அந்தரத்தில் ஒரு எஃகுக் கை மட்டும் கதவுப் பிடியைத் திருப்புகிறது. புத்தகத்தைப் பிடித்திருந்தது அவருடைய வலது கை. துண்டு இல்லை.

"ஆளே காணோம், கை மட்டும்தான் தெரியுது பாரு," என்றார். பிறகு பக்கத்தைத் திருப்பினார்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்றிலிருந்து நான் மாயாவி கட்சி. எதை மறைக்க வேண்டும் என்று ஒரு மனிதன் நினைப்பானோ, அது மட்டும் மறையாமல் போவதுதான் கிராண்டேலின் கதை. சாதாரண நேரத்தில் அவர் கையுறை போட்டு அந்தக் கையை மூடிவைத்திருப்பார். வேலை என்று வந்துவிட்டால் முகம், உடம்பு, பெயர் எல்லாம் போய் அது ஒன்றுதான் மிஞ்சும். எதிரிகள் சுடுவதும் அதைப் பார்த்துத்தான், அவர் காரியம் சாதிப்பதும் அதை வைத்துத்தான். அறுபது வருஷத்துக்கு முன்னால் வாரம் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டிருந்த கென் புல்மர் இதையெல்லாம் யோசித்து எழுதினாரா என்று நான் கவலைப்படவில்லை. கதையில் இருக்கிறது, எங்கள் வாசல்படியில் அது தெரிந்தது.

இரண்டு பேருமே கெட்டவர்களாகத் தொடங்கியவர்கள் என்பதையும் கவனியுங்கள். இந்த ஒப்பீட்டில் எனக்கு மிக முக்கியமான இடம் இது. கிராண்டேல் மறையும் சக்தி வந்தவுடன் நல்லது செய்யக் கிளம்பிவிடவில்லை. விபத்தில் புத்தி பேதலித்து, திருட்டு, அழிவு என்று போகிறார். ஸ்பைடருக்கோ லட்சியமே கொள்ளைதான். இரண்டு பேரும் பிறகு மாறுகிறார்கள். ஸ்பைடர் மாறுவது, குற்றம் செய்வதைவிடக் குற்றவாளிகளோடு மோதுவது பெரிய சவால் என்பதால். நேற்று எப்படி இருந்தோம் என்று அவர் திரும்பிப் பார்ப்பதில்லை, யாரிடமும் மன்னிப்பு கேட்கத் தேவை இருந்ததாகவும் நினைப்பதில்லை. கிராண்டேல் அப்படி இல்லை. செய்ததெல்லாம் அவர் பின்னாலேயே வருகிறது. எங்கே எது நடந்தாலும் முதல் சந்தேகம் அந்தக் கை மேல்தான் விழும். தன்னை நம்பும்படி ஊரைக் கேட்க வேண்டிய இடத்தில் அவர் திரும்பத் திரும்ப நிற்கிறார். பிற்பாடுதான் நிழற்படை என்ற ரகசிய அமைப்பில் சேர்ந்து உளவாளி ஆகிறார். ஒரு தப்பு செய்துவிட்டு அதே தெருவில் தொடர்ந்து வாழ வேண்டியவர்களுக்கு எந்தக் கதை பக்கத்தில் நிற்கும் என்று நினைக்கிறீர்கள்?

மாயாவி கதைகள் எல்லாமே தங்கம் என்று உங்கள் அப்பா சொன்னால் அதை நம்பாதீர்கள். நிழற்படையில் சேர்ந்த பிறகு அந்தக் கைக்குள் துப்பாக்கி, ரேடியோ, வாயு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துவிட்டார்கள். நடுவில் கொஞ்ச காலம் மற்ற சூப்பர் ஹீரோக்கள் மாதிரி உடைகூடப் போட்டுவிட்டார்கள். பிளாஸ்கோவின் படம் அப்போதும் படம்தான், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு கருவி இருக்கிறது என்று ஆகிவிட்டால் அவருக்கும் ஸ்பைடருக்கும் என்ன வித்தியாசம்? கருவி விளையாட்டில் ஸ்பைடரை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. என்னுடைய மாயாவி தொடக்கக் கதைகளின் மாயாவி. உடம்பில் கரண்ட், ஒரு கை, கொஞ்ச நேரம், அவ்வளவுதான் கையிருப்பு.

நீங்கள் எந்த வரிசையில் படிக்கலாம் என்று சொல்கிறேன். ஸ்பைடரை முதலில் படியுங்கள். 'எத்தனுக்கு எத்தன்' கையில் இருந்தால் அதிலிருந்து. பகலில் படியுங்கள், முடிந்தால் சித்தப்பா பக்கத்தில் இருக்கும்போது, சில வசனங்களை வாய்விட்டு. அந்தக் கதைகள் சத்தத்துக்காகவே எழுதப்பட்டவை. கோட்டை வரும் கட்டங்களில் அவசரப்படாமல் ரெஜ் பன்னின் கோடுகளைப் பாருங்கள். அடுத்து மாயாவியின் முதல் கதை. அதை ராத்திரி தனியாகப் படியுங்கள், கை மட்டும் தெரியும் கட்டங்களில் வசனத்தைப் படிக்காமல் முதலில் படத்தை மட்டும் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஆசை இருந்தால், இங்கிலாந்தில் ரெபெல்லியன் நிறுவனம் இரண்டு பேருடைய தொடக்கக் கதைகளையும் நல்ல தொகுப்பாகக் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் தமிழில் படித்த பிறகு அதற்குப் போங்கள். மாயாவியின் ஆங்கிலப் பெயரான 'ஸ்டீல் கிளா'வில் உலோகம்தான் இருக்கிறது. 'இரும்புக்கை மாயாவி' என்று வைத்தவர்கள், பாட்டிக் கதைகளில் நாம் கேட்டு வளர்ந்த மாயாவி என்ற சொல்லையும் கூடச் சேர்த்து வைத்தார்கள். அந்தப் பெயரோடுதான் அவர் இந்த ஊர்க்காரர் ஆனார்.

படித்து முடித்த பிறகு ஸ்பைடர்தான் என்று உங்களுக்குத் தோன்றினால் அதை அப்படியே சொல்லுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன். அந்த அட்டை கிழிந்த பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. கதவுப் பிடியைத் திருப்பும் கை இருக்கிற பக்கத்தின் ஓரத்தில் பைண்டிங் பசை பட்ட கட்டைவிரல் ரேகை ஒன்று பழுப்பாகப் பதிந்திருக்கிறது. அடுத்த முறை ராயப்பேட்டைப் பக்கம் வந்தால் எடுத்துக் காட்டுகிறேன்.